காலேஜ் புராஜெக்ட்ல எங்க சங்கத்தையும் பார்ட்னரா போடுறாங்களாம், கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்?

நண்டுவலை_தொண்டி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தொண்டிக்கு பக்கத்துல, பாக் ஜலசந்தி கரை. நாட்டுப்படகு தான், முக்காவாசி பேரு போடுறது நண்டு வலை. நீலக்கால் நண்டு, கரைக்கு வந்ததும் ஏஜென்ட் எடை போட்டு எடுத்துட்டு போயிருவாரு, அவிச்சு சதையெடுத்து டப்பால அடைச்சு அமெரிக்கா போற சரக்கு. முன்னாடி எல்லாம் கிலோவுக்கு நாலு அஞ்சு நண்டு நிக்கும், இப்ப எட்டு பத்துனு போட்டாத்தான் முள்ளு அசையுது.

விசயம் என்னன்னா ஒரு காலேஜ்ல இருந்து புரொபசர் ஒருத்தர் வந்து சங்கத்துல பேசுனாரு. வலையில வர்ற சினை நண்டை விக்காம கரைக்கு உசுரோட கொண்டு வந்து தொட்டில வச்சு பொரிக்க விட்டு குஞ்சை திருப்பி கடல்லயே விடுறது, தாய்லாந்துல இத நண்டு வங்கினு ஊர் ஊரா நடத்துறாங்களாம், அதோட எந்த மாசம் எந்த ஆழத்துல சினை நண்டு அதிகம் படுதுனு படகுக்காரங்களே தினமும் எழுதி குடுக்கணும், இது தான் பிளான். எனக்கும் நல்ல விசயமா தான் படுது. ஆனா சங்க லெட்டர்பேடுல ஒரு கடுதாசி, சீல், கையெழுத்து மட்டும் இப்ப குடுங்க, மீனவங்களோட சேந்து செய்யுற கூட்டு ஆராய்ச்சினா ஃபண்ட் சீக்கிரம் பாஸாகும்ங்குறாரு. பட்ஜெட் எவ்வளவு சார்னு கேட்டா அதெல்லாம் டெக்னிக்கல் தம்பி அப்புறம் பாத்துக்கலாம்னு சிரிக்கிறாரு.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு பணம் எங்க இருந்து வருது, அதுல சங்கத்துக்குனு ஒரு பங்கு கேக்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கமிட்டில பாதி பேரு போட்ருவோம்ங்குறாங்க, பாதி பேரு வேணாம்ங்குறாங்க.

மீன்வளம்_படிச்சவன்:

தம்பி, கேக்குறது தப்பே இல்ல, கேக்காம கையெழுத்து போடுறது தான் தப்பு. நான் தூத்துக்குடில படிச்சவன், ரெண்டு புராஜெக்ட்ல ஜேஆர்எஃப்பா, அதாவது ஆராய்ச்சி உதவியாளா, குப்பை கொட்டிருக்கேன், அதனால பட்ஜெட் எப்படி எழுதுவாங்கனு சொல்றேன்.

எந்த அரசு ஃபண்டா இருந்தாலும் தலைப்பு தலைப்பா தான் பணம் வரும். ஆள் சம்பளம், கருவி, கன்ஸ்யூமபிள்ஸ் (தீந்து போற சாமான்), டிராவல், கன்டின்ஜென்சி (சில்லறை செலவு), அப்புறம் காலேஜுக்குனு ஓவர்ஹெட் (நிர்வாக செலவு). இதுல மீனவன் எங்க இருக்கான்னு தேடிப்பாருங்க, பெரும்பாலும் எங்கயும் இருக்க மாட்டான். படகு வாடகை டிராவல்ல ஒளிஞ்சிருக்கும், ஒரு நாள் டீசல் காசு கன்டின்ஜென்சில இருந்து வரும், அதுவும் பில்லு இருந்தா. நீங்க விக்காம விடுற சினை நண்டோட விலைக்கு தலைப்பே கிடையாது. பட்ஜெட்ல எழுதாத செலவை நடுவுல யாராலயும் குடுக்க முடியாது, அந்த புரொபசர் நல்ல மனுசனாவே இருந்தாலும் ஆடிட்ல மாட்டிக்குவாரு. அதனால கேக்க வேண்டிய நேரம் இப்ப தான், அப்ரூவ் ஆனப்புறம் இல்ல.

ரெண்டாவது, அவர் கேக்குறது ஆதரவு கடிதம். அதுக்கும் ஒப்பந்தத்துக்கும் வித்தியாசம் இருக்கு. கடிதத்துல நாங்க ஒத்துழைப்பு தரோம்னு மட்டும் இருக்கும், அவங்க என்ன தரணும்னு ஒரு வரி இருக்காது. நீங்க எம்ஓயு, அதாவது ரெண்டு பக்கமும் என்ன செய்யணும்னு எழுதுற புரிந்துணர்வு ஒப்பந்தம் கேளுங்க, ஒரு பக்கம் போதும்.

பணம் எங்க இருந்து வரும்னு கேட்டீங்க. மத்திய அரசு அறிவியல் தொழில்நுட்ப துறைல சீட்னு ஒரு பிரிவு இருக்கு, ஊர் மக்களோட சேந்து செய்யுற வேலைக்கு தான் அது. நபார்டுலயும் சின்ன சின்ன சோதனை முயற்சிக்கு குடுப்பாங்க. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020ல 20,050 கோடினு ஆரம்பிச்சது, ஆனா அதுல பெரும் பணம் துறைமுகம், குளிர்பதனம், குளம், படகு, கூண்டு மாதிரி கண்ணுக்கு தெரியுற செலவுக்கு போகும். தனி ஆளுக்கு மானியம் 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60. அதே திட்டத்துல மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்) பாக் ஜலசந்தில பச்சை வரி இறால் குஞ்சு விட்டாங்க இல்ல, அதனால கடல்ல குஞ்சு விடுற வேலைக்கு அங்கயும் வழி இருக்குனு வச்சுக்கலாம்.

இன்னொரு வழி சிஎஸ்ஆர், கம்பெனிங்க சமூகத்துக்குனு செலவு பண்ற பணம். 2013 கம்பெனி சட்டத்துல 135வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல லாபம் பாக்குற கம்பெனி சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். நண்டு சதை ஏத்துமதி பண்றவங்கள்ல பெரிய கம்பெனி எதாச்சும் அதுல வருதானு பாருங்க, அவங்களுக்கு தான் நாளைக்கு நண்டு வேணும். ஆனா சங்கம் நேரா அந்த பணத்தை வாங்கணும்னா சொசைட்டி ரெஜிஸ்ட்ரேசன், பான், வருசா வருசம் ஆடிட், வருமான வரில 12ஏ, 80ஜி பதிவு, சிஎஸ்ஆர் பணம் வாங்க சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் எல்லாம் வேணும். பாதி சங்கம் ஆடிட்லயே படுத்துரும்.

கடல்கிழவன்:

மகன் டைப் பண்றான் நான் சொல்லச்சொல்ல. இந்த மாதிரி எத்தனையோ பேரு வந்து போயிட்டாங்க தம்பி. ஒரு கூட்டம் வந்துச்சு, நோட்டு குடுத்தாங்க, வலை எத்தன மணிக்கு போட்டோம், எத்தன பாகம் ஆழம், எந்த நீர்வாடு, எத்தன நண்டு எல்லாம் எழுதச் சொன்னாங்க, கஞ்சி குடிக்க நேரம் இல்லாதப்பயும் எழுதுனோம். நோட்டை வாங்கிட்டு போனவங்க போனவங்க தான். என்ன கண்டுபுடிச்சீங்கனு சொல்லக்கூட ஒருத்தன் வரல. எந்த காலேஜுனு பேரு சொல்ல மாட்டேன், இப்பவும் அங்க நம்ம பிள்ளைக படிக்குது.

இன்னொன்னு. ஜிபிஎஸ்ல நம்ம எடத்தை குறிச்சு குடுத்தா அது அடுத்தவன் கைக்கு போகாதுனு என்ன உறுதி? நண்டு எங்க கிடக்குதுனு தெரிஞ்சா அடுத்த வாரம் விசைப்படகு அங்க மடிய இழுத்துருவான். அப்புறம் ஆராய்ச்சியும் இல்ல நண்டும் இல்ல.

அப்புறம் சினை நண்டு பத்தி. எல்லா சினையும் ஒண்ணு இல்ல. மஞ்ச சினைனா பொரிக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அத தொட்டில வச்சு கரண்டு போச்சுனா அவ்வளவு தான். கருப்பு சினைனா ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிச்சிரும். வலையில காலை பிச்சு எடுக்குறப்பவே பாதி நண்டு காலு ஒடியும், அத கேன்ல போட்டு கரைக்கு கொண்டாந்து தொட்டில விட்டா எத்தன பொழைக்கும்? கருப்பு சினைய கரைக்கு கொண்டு வாங்க, மஞ்ச சினைய அங்கனயே கடல்ல அவுத்து விடுங்க, இத நான் சொன்னேன்னு அந்த புரொபசர்கிட்ட சொல்லு.

மீன்வளம்_படிச்சவன்:

அண்ணே, நீங்க கடைசியா சொன்னது தான் அந்த புராஜெக்டோட முதல் பக்கத்துல வரணும். அதுக்கு தான் கூட்டு ஆராய்ச்சினு பேரு. ஒரு சினை நண்டு லட்சக்கணக்குல முட்டை வைக்கும், தொட்டில பொரிஞ்சது அத்தனையும் எண்ணி இத்தன கோடி குஞ்சு விட்டோம்னு பேப்பர்ல நியூஸ் போடுறது ஈஸி. ஆனா அதுல கடல்ல வளந்து வலைக்கு வந்தது எத்தனனு சொல்றது ரொம்ப கஷ்டம், குஞ்சுல 99 சதவீதத்துக்கு மேல சின்னதுலயே போயிரும். அதனால தொட்டில விட்டது நல்லதா, கடல்லயே அவுத்து விட்டது நல்லதானு ரெண்டையும் வச்சு பாத்தா தான் ஆராய்ச்சி, இல்லைனா அது வெறும் விழா.

எடம் வெளிய போற விசயத்துக்கும் வழி இருக்கு. ஜிபிஎஸ் புள்ளிய அப்படியே வெளியிடாம பெரிய கட்டம் கட்டமா மாத்தி தான் வெளியிடுவோம்னு எம்ஓயுல எழுத வைக்கலாம். வெளிநாட்டுல சர்வசாதாரணமா செய்யுறது தான்.

குளச்சல்_மக்கா:

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்துலயே இருக்கு, கொல்லம் அஷ்டமுடி காயல். அங்க பூவன் கக்கானு ஒரு சின்ன மட்டி, 80கள்ல வெளிநாட்டுக்கு போக ஆரம்பிச்சு 1991ல வருசத்துக்கு 10,000 டன் வரைக்கும் வாரி எடுத்தாங்க, ரெண்டே வருசத்துல பாதியா விழுந்துச்சு. அப்புறம் தான் முழிச்சாங்க. சிஎம்எஃப்ஆர்ஐ ஆளுங்க எப்ப முட்டை போடுது எந்த சைஸ்ல எடுக்கலாம்னு பாத்தாங்க, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் எடுக்க கூடாதுனு ஆச்சு, வலை கண்ணி 30 மில்லிமீட்டருக்கு கீழ கூடாதுனு ஆச்சு. மட்டி திரும்ப வந்துச்சு. அப்புறம் டபிள்யூடபிள்யூஎஃப்ங்குற இயற்கை பாதுகாப்பு அமைப்பு, சிஎம்எஃப்ஆர்ஐ, கேரளா ஃபிஷரீஸ், மட்டி எடுக்குறவங்க, ஏத்துமதிக்காரங்க எல்லாரும் சேந்து ஒரு கவுன்சில் மாதிரி வச்சு 2014ல எம்எஸ்சி சர்டிஃபிகேட், அதாவது வளத்தை அழிக்காம புடிக்குறாங்கனு குடுக்குற சான்று வாங்குனாங்க, இந்தியாவுலயே முதல் தடவை.

நான் சொல்ல வர்றது என்னன்னா மக்கா, அங்க வேலை செஞ்சது சர்டிஃபிகேட் இல்ல. மட்டி எடுக்குறவனும் ஆராய்ச்சி பண்றவனும் ஒரே மேசைல உக்காந்து இந்த மூணு மாசம் எடுக்க கூடாதுனு பேசுனது தான். மட்டி நகராது, காயலும் ஒரு மாவட்டத்துக்குள்ள தான், அதனால லேசு. உங்க நண்டு ராமநாதபுரம் புதுக்கோட்டை தஞ்சாவூர்னு சுத்தும், இலங்கை பக்கமும் போகும். உங்க ஊரு மட்டும் சினை நண்டை விட்டு பக்கத்து ஊரு புடிச்சா? அத முதல்ல யோசிங்க.

விசைப்படகு_எதிரி:

எல்லாரும் ஆராய்ச்சி ஆராய்ச்சிங்கிறீங்க. ரெண்டு விசைப்படகு சேந்து இழுக்குற இரட்டைமடி வலையும், கூட்டத்தையே வளைச்சு புடிக்குற சுருக்குமடி வலையும் நிக்காம எத்தன கோடி குஞ்சு விட்டு என்ன பிரயோஜனம்? 1983 சட்டத்துல விசைப்படகு கரையில இருந்து 3 கடல் மைலுக்கு உள்ள வரக்கூடாதுனு எழுதி நாப்பது வருசம் தாண்டிருச்சு, எவன் கேக்குறான். விசைப்படகை இங்க இருந்து எடுக்கணும்னு 2017ல ஆழ்கடல் படகு திட்டம் கொண்டாந்தாங்க, 80 லட்சத்துக்கு சூரை படகு, 50 சதவீதம் மத்திய அரசு, 20 மாநிலம், 20 பேங்க் லோன், 10 நம்ம கைக்காசு. ஊருக்குள்ள ஆழ்கடல் போய் பழகுனவனே இல்ல, அந்த வகை படகை ஓட்ட டீசல் செலவு எவ்வளவு ஆகும், சூரைய எங்க விக்கிறதுனு ஒரு ஆராய்ச்சி முதல்ல பண்ணிருந்தா இப்படி இழுத்துக்கிட்டு கிடக்குமா? பணம் படகுக்கு போகுது, யோசிக்கிறதுக்கு போகல.

மீன்வளம்_படிச்சவன்:

நீங்க ஆராய்ச்சி வேணாம்னு ஆரம்பிச்சு வேணும்னு முடிச்சிருக்கீங்க 😀

பாசிக்காரி_மக:

நானும் ஒண்ணு சொல்றேன், நண்டு இல்ல, பாசி. எங்க அம்மா மண்டபம் பக்கம் பெப்சி பாசி கட்டுனவங்க. தெரியாதவங்களுக்கு, கப்பாஃபைகஸ்னு வெளிநாட்டு பாசி அது, பாவ்நகர்ல இருக்குற உப்பு ஆராய்ச்சி நிலையம் கொண்டாந்து 2000 வாக்குல பெப்சி கம்பெனி எடுத்து நடத்துனதால ஊருல அந்த பேரே நின்னுடுச்சு. ஆராய்ச்சி நிலையம், கம்பெனி, பேங்க், மகளிர் குழு நாலு பேரும் சேந்தது, இன்னைக்கு கூட்டு முயற்சிக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் அது தான்.

மூங்கில் மிதவை, பத்தடிக்கு பத்தடி, அதுல 20 கயிறு, ஒரு கயித்துல 20 முடிச்சு, ஒரு முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி, அப்ப ஒரு மிதவைக்கு 60 கிலோ. கரையில உக்காந்து கட்டுறது முழுக்க பொம்பளைங்க தான், உப்புத்தண்ணில விரல் நுனி வெந்து போயிரும். 45 நாள்ல அறுவடை. நல்லா தான் போச்சு, வீட்டுக்கு காசு வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. 2013 வாக்குல கடல் சூடாகி பாசி மொத்தமா வெளுத்து உதுந்துருச்சு. எல்லா மிதவையிலயும் ஒரே விதைல இருந்து வெட்டி வெட்டி கட்டுன பாசி, தாங்குற ரகம் வேற ஒண்ணு கையில இல்ல. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது ஒரு பேப்பரு, எங்க வீட்டுல அது கடனு. இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடால குருசடை தீவு பவளப்பாறை மேல அதே பாசி படர்ந்து போச்சுனு வேற பிரச்சினை ஆச்சு.

இப்ப வளமாவூர்ல 127 கோடிக்கு பாசி பூங்கா வருது, புது விதை, திசு வளர்ப்பு எல்லாம் சொல்றாங்க. வரட்டும். ஆனா பாசி செத்தா நட்டம் யாருக்குனு அங்கயும் எழுதிருக்காங்களானு எனக்கு கேக்கணும் போல இருக்கு. அண்ணே, உங்க எம்ஓயுல அந்த ஒரு வரிய மறந்துறாதீங்க. தொட்டில நண்டு செத்தா, வலை கிழிஞ்சா, புராஜெக்ட் பாதில நின்னா நட்டம் யாருது?

வடதுருவ_யாழ்ப்பாணத்தான்:

இஞ்ச நோர்வேயில எப்பிடி எண்டு சொல்லுறன், உங்களுக்கு உதவும் எண்டா எடுங்கோ. 80கள்ல எங்கட ஆக்கள் கன பேர் வடக்கு நோர்வேக்கு மீன் ஃபக்டரி வேலைக்குத்தான் வந்தவை, நானும் அப்பிடித்தான், மீன் வெட்டித்தான் பிள்ளையள படிப்பிச்சனான்.

இஞ்ச ஏற்றுமதியாகிற ஒவ்வொரு மீனின்ர பெறுமதியிலயும் 0.3 வீதம் ஆராய்ச்சிக்கெண்டு வெட்டுவினம். அது எஃப்எச்எஃப் எண்ட ஒரு நிதியத்துக்குப் போகும், என்ன ஆராய வேணும் எண்டு முடிவெடுக்கிற இடத்தில மீன் தொழில் செய்யிற ஆக்கள்தான் இருப்பினம். இதில குறை இல்லாம இல்லை, பெரிய சால்மன் கொம்பனியளின்ர கைதான் ஓங்கும், சின்ன வள்ளக்காரன்ர பிரச்சினை பின்னுக்குப் போயிடும்.

எனக்குப் பிடிச்சது மற்றது. பேர்கன்ல இருக்கிற கடல் ஆராய்ச்சி நிலையம் கொஞ்ச மீன்பிடிப் படகுகளோட ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கு, 2000ஆம் ஆண்டு ஆழ்கடல் படகுகளோட துவங்கி 2005ல கரையோரச் சின்னப் படகுகளையும் சேர்த்தவை. படகுக்காரரே மீனை அளந்து, தலைக்குள்ள இருக்கிற காதுக் கல்லை எடுத்து வச்சு, எல்லாத்தையும் பதிஞ்சு குடுக்கிறவை. சும்மா இல்லை, காசு குடுக்கினம். அந்தக் காசு எங்க இருந்து எண்டா, நாட்டின்ர பிடி அளவில கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கெண்டு ஒதுக்கி வச்சிருக்கினம், அந்த மீனை வித்து வாற காசு. அமெரிக்காவிலயும் ஸ்கலொப் மட்டிக்கு இப்பிடித்தான், வருசம் 12 லட்சம் பவுண்டுக்கு மேல மட்டியை ஆராய்ச்சிக்கெண்டு தனியா ஒதுக்கினம்.

படகுக்காரருக்கும் அது ஒரு தொழில், நன்கொடை இல்லை. நீங்களும் அதைத்தான் கேக்க வேணும்.

நண்டுவலை_தொண்டி:

ஐயா இது நல்லா இருக்கே. நம்ம நாட்டுல 0.3 சதவீதம் வெட்டுனா எவ்வளவு வரும்?

மீன்வளம்_படிச்சவன்:

2023-24ல இந்தியாவோட கடல் உணவு ஏத்துமதி 60,523 கோடி ரூபா. 0.3 சதவீதம்னா 181 கோடி சில்லறை. வருசா வருசம் அவ்வளவு பணம் ஆராய்ச்சிக்குனு தனியா வந்தா எங்கயோ போயிருவோம். ஆனா அந்த 60,523ல 40,013 கோடி உறைய வச்ச இறால், அதுல பெரும்பகுதி ஆந்திரா பக்கம் குளத்துல வளக்குற வெனாமி இறால். அப்ப ஆராய்ச்சியும் வெனாமி நோய்க்கே போகும், நாட்டுப்படகு நண்டுக்கு யார் கேப்பா? யாழ்ப்பாணத்து ஐயா சால்மனுக்கு சொன்னது தான் இங்கயும்.

விசைப்படகு_எதிரி:

அதோட அந்த 0.3ஐ ஏத்துமதிக்காரன் கைல இருந்து குடுப்பான்னு நினைக்கிறீங்களா, ஏஜென்ட் கிட்ட விலைய குறைப்பான், ஏஜென்ட் நம்ம கிட்ட குறைப்பான். கடைசில குடுக்குறது வலைக்காரன் தான், முடிவெடுக்குறது வேற எவனோ.

நண்டுவலை_தொண்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கமிட்டில இத அப்படியே போன்ல வாசிச்சு காட்டினேன், வேணாம்னு சொன்னவங்களும் சரி பேசி பாப்போம்னு எறங்கி வந்துட்டாங்க. புரொபசர்கிட்ட இப்ப இத தான் கேக்கப் போறோம். விடுற சினை நண்டுக்கு அன்னைக்கு ஏஜென்ட் போடுற விலைய புராஜெக்ட் குடுக்கணும். எழுதி குடுக்குற படகுக்கு மாசாமாசம் ஒரு தொகை. டேட்டா ஒரு காப்பி சங்கத்துல இருக்கணும், எடத்தை கட்டம் போட்டு தான் வெளிய விடணும். தொட்டில செத்தா நட்டம் எங்களுது இல்ல. கெழவரோட மஞ்ச சினை கருப்பு சினை ஐடியாவ பிளான்ல சேக்கணும், அவர் பேரும் அதுல வரணும். முடிவை ஊர்க்கூட்டத்துல தமிழ்ல வந்து சொல்லணும். வேற எதாச்சும் விட்டுட்டோமா?

கடல்கிழவன்:

என் பேரெல்லாம் வேணாம்டா. பக்கத்து ஊரு சங்கத்தையும் கூப்புடு, அவன் புடிச்சான்னா நம்ம விட்டு புண்ணியம் இல்ல.

மீன்வளம்_படிச்சவன்:

ரெண்டு விசயம் விட்டுட்டீங்க. ஒண்ணு, பணம் வர்ற நேரம். அரசு புராஜெக்ட்ல முதல் தவணை வரும், அத செலவு பண்ணி யூட்டிலைசேசன் சர்டிஃபிகேட் (பணத்தை செலவு பண்ணிட்டோம்னு காட்டுற சான்று) அனுப்பி அவங்க பாத்து ரெண்டாவது தவணை விடுறதுக்குள்ள மாசக்கணக்குல இழுக்கும். ஜேஆர்எஃப் சம்பளமே நின்னு போகும், நான் அனுபவிச்சிருக்கேன். அதனால படகுக்காரங்களுக்கு குடுக்க வேண்டிய தொகைய முதல் தவணையிலயே தனியா எடுத்து வைக்கணும்னு கேளுங்க, இல்லைனா தவணை வராத மாசம் நாங்க எழுத மாட்டோம்னு இப்பவே சொல்லிருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல விசைப்படகு நிக்கிறப்ப நாட்டுப்படகு தான் கடல்ல இருக்கும், அந்த ரெண்டு மாச டேட்டா உங்கள விட்டா யார்கிட்டயும் கிடையாது, அத சொல்லியே பேரம் பேசலாம்.

ரெண்டு, தொட்டிக்கு தண்ணில காத்து ஏத்துற ஏரேட்டர் ராப்பகலா ஓடணும், தண்ணி ஏத்த மோட்டார், கரண்டு போனா ஜெனரேட்டர். புராஜெக்ட் மூணு வருசம் தான். நாலாவது வருசம் ஈபி பில்லு யார் கட்டுறது? மீட்டர் யார் பேர்ல?

நண்டுவலை_தொண்டி:

அய்யோ, மீட்டர் சங்கத்து பேர்லனு தான் அவர் குடுத்த கடுதாசில இருக்கு. இப்ப தான் பாக்குறேன். வர்ற வெள்ளிக்கிழமை கடலுக்கு போறதில்ல, அன்னைக்கு அவர வரச்சொல்லி இருக்கோம், பட்ஜெட் தாள் இல்லாம வரவேணாம்னும் சொல்லியாச்சு. அந்த எம்ஓயு மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்புங்க அண்ணே.

மீன்வளம்_படிச்சவன்:

இன்பாக்ஸ்ல போட்டுட்டேன். பணம் குடுக்குற பத்தில தேதி காலியா விட்டிருக்கேன், அத மறக்காம நிரப்பிட்டு கையெழுத்து போடுங்க.